ஓட்டை அட்டையில் உலகைக் கணக்கிட்டவர்
ஹெர்மன் ஹோலரித் வரலாறு

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் பபலோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே 1860-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் பிறந்த நாள் வரும் குழந்தை! ஹெர்மன் ஹோலரித் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பெற்றோர் ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர்கள். தந்தை பள்ளி ஆசிரியர். ஹெர்மனுக்கு 7 வயது இருக்கும்போது அவர் இறந்துவிட்டார். தாய் உறவினர்களிடம் போய் நிற்க விரும்பவில்லை. பெண்கள் அணியும் தொப்பிகளைச் செய்து விற்றார். அந்த வருமானத்தில் பிள்ளைகளை வளர்த்தார். யார் கையையும் எதிர்பார்க்காத அந்தக் குணம் மகனுக்கும் வந்தது.

ஜன்னல் வழியே ஓட்டம்

ஹெர்மன் கெட்டிக்காரப் பையன். ஆனால் எழுத்துப் பிழை இல்லாமல் எழுத அவனுக்கு வராது. அந்தப் பாடம் வந்தாலே நடுக்கம். ஒரு நாள் மாடியில் இருந்த வகுப்பின் ஜன்னல் வழியே குதித்து ஓடிவிட்டான் என்று சொல்வார்கள். தாய் அவனை அடிக்கவில்லை. பள்ளியில் இருந்து நிறுத்தி, ஒரு பாதிரியாரிடம் தனியாகப் பாடம் படிக்க வைத்தார்.

எழுத்தில் தடுமாறிய பையன், கணக்கிலும் எந்திரத்திலும் புலியாக விளங்கினான். 1879-ம் ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியா கல்லூரியின் சுரங்கப் பொறியியல் பிரிவில் பட்டம் பெற்றான். அப்போது வயது 19.

அங்கே டிரோபிரிட்ஜ் என்ற பேராசிரியர் இருந்தார். அமெரிக்க அரசின் ஜனத்தொகைக் கணக்கு இலாகாவிலும் அவருக்குப் பொறுப்பு இருந்தது. அவர் இந்த மாணவரைத் தம்முடன் வாஷிங்டனுக்கு அழைத்துப் போனார். இரும்பு, உருக்குத் தொழிற்சாலைகள் எவ்வளவு நீராவிச் சக்தியையும் நீர்ச் சக்தியையும் பயன்படுத்துகின்றன என்று கணக்கெடுப்பது ஹோலரித்துக்குக் கிடைத்த வேலை.

ஏழு ஆண்டு எண்ணிக்கை

அமெரிக்காவில் 10 ஆண்டுக்கு ஒரு முறை ஜனத்தொகைக் கணக்கு எடுப்பார்கள். 1880-ம் ஆண்டுக் கணக்கில் ஜனத்தொகை 5 கோடி.

தலைகளை எண்ணுவது மட்டும் என்றால் பெரிய வேலை இல்லை. ஆணா பெண்ணா, வயது என்ன, கல்யாணம் ஆனவரா, எந்த நாட்டில் பிறந்தவர், என்ன தொழில் என்று பல கேள்விகள். தச்சு வேலை செய்பவர்களில் ஜெர்மனியில் பிறந்தவர் எத்தனை பேர், அவர்களில் கல்யாணம் ஆனவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான குமாஸ்தாக்கள் உட்கார்ந்து, பெரிய தாள்களில் கோடு கோடாகப் போட்டு எண்ணினார்கள். ஒரு விவரத்தை எண்ணி முடித்தால், அடுத்த விவரத்துக்கு மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

வேலை முடிய ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஆயின. ஜனங்களோ பெருகிக்கொண்டே போனார்கள். இப்படியே போனால், ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடும்!

இலாகாவில் பில்லிங்ஸ் என்ற டாக்டர் இருந்தார். பிறப்பு, இறப்புக் கணக்குகளைக் கவனித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஹோலரித் அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தார். சாப்பாட்டு மேஜையில் பேச்சு கணக்கெடுப்பைப் பற்றித் திரும்பியது. இந்த எண்ணும் வேலையைச் செய்ய ஓர் எந்திரம் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இளைஞர் மனதில் அது ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது.

பிறகு அந்த யோசனையில் பங்காளியாகச் சேரும்படி ஹோலரித் டாக்டரை அழைத்தார். டாக்டர் மறுத்துவிட்டார். வேலை நடந்தால் போதும், லாபம் தமக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

ரெயில் டிக்கெட் சொன்ன பாடம்

1882-ம் ஆண்டு ஹோலரித் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். பாடம் நடத்துவது பிடிக்கவில்லை. ஓர் ஆண்டில் விட்டுவிட்டார். சில காலம் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார். கண்டுபிடிப்புகளுக்கு எப்படிச் சட்டப் பாதுகாப்புத் தேடுவது என்று அங்கே தெரிந்துகொண்டார். மீதி நேரம் எல்லாம் எந்திரச் சிந்தனைதான்.

முதலில் நீளமான காகித நாடாவில் துளை போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு துளைக்கும் ஓர் அர்த்தம். ஆனால் நடுவில் இருக்கும் ஒரு மனிதரின் விவரம் வேண்டும் என்றால் நாடா முழுவதையும் ஓட்ட வேண்டி இருந்தது. விவரங்களை வேறு விதமாகப் பிரித்து அடுக்கவும் முடியவில்லை.

ஒரு முறை ரெயிலில் போனபோது, கண்டக்டர் டிக்கெட்டில் துளை போடுவதைக் கண்டார். அந்தக் காலத்தில் ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் பயணம் செய்யாமல் இருக்க ஒரு தந்திரம் செய்தார்கள். பயணியின் தலைமுடி கருப்பா வெளுப்பா, கண் எப்படி, மூக்கு பெரியதா என்று டிக்கெட்டின் ஓரத்தில் துளைகளால் குறிப்பார்கள். ஹோலரித்துக்கு வழி தெரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஒரே நாடா எதற்கு? ஒரு மனிதருக்கு ஓர் அட்டை போதுமே!

துளை போட்ட அட்டை உலகத்துக்குப் புதிது அல்ல. பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் 1804-ம் ஆண்டிலேயே நெசவுத் தறியில் அதைப் பயன்படுத்தினார். காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலே தொங்கும் அட்டைகள் அந்த வகைதான். அங்கே அட்டை நூலுக்குக் கட்டளை இடுகிறது. ஹோலரித்தின் அட்டையோ செய்தியைச் சேமித்து வைத்தது.

எந்திரம் வேலை செய்த விதம்

அட்டையை ஒரு தட்டில் வைப்பார்கள். மேலே இருந்து பல ஊசிகள் இறங்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நின்றுவிடும். துளை உள்ள இடத்தில் ஊசி கீழே போகும். கீழே சிறு கிண்ணத்தில் பாதரசம் இருக்கும். ஊசி பாதரசத்தைத் தொட்டதும் மின்சாரம் பாயும். எதிரே கடிகாரம் போன்ற வட்டங்கள் வரிசையாக இருக்கும். அந்த விவரத்துக்கு உரிய வட்டத்தில் முள் ஓர் எண் நகரும். மணி அடிக்கும். பக்கத்தில் உள்ள பெட்டியில் ஓர் அறையின் மூடி தானாகத் திறக்கும். அட்டையை எடுத்து அதில் போட வேண்டியதுதான்.

1887-ம் ஆண்டு பால்டிமோர் நகரத்தின் மரணக் கணக்கில் இதைச் சோதித்தார். அட்டைகளைக் கண்டக்டரின் துளைக் கருவியால் அவரே குத்தினார். குத்திக் குத்திக் கை வீங்கியது. அந்த வலியில் இருந்து பிறந்ததுதான் எளிதாகத் துளை போடும் மேஜைக் கருவி. 1889-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி எந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்தது.

பெரிய போட்டி

அதே ஆண்டில் அரசு ஒரு போட்டி வைத்தது. செயின்ட் லூயிஸ் நகரில் 10,491 பேரின் பழைய விவரங்களைக் கொடுத்து, கணக்கிடச் சொன்னார்கள். மூன்று பேர் கலந்துகொண்டனர். மற்ற இருவரும் வண்ணச் சீட்டுகளையும் வண்ண மைகளையும் நம்பினார்கள்.

விவரங்களை அட்டைகளில் ஏற்ற ஹோலரித்துக்கு ஆன நேரம் சுமார் 72 மணி. மற்றவர்களுக்கு 111 மணியும் 144 மணியும் ஆயின. அதன் பின் எண்ணிக் கூட்ட வேண்டும். மற்றவர்களுக்கு 45 மணியும் 55 மணியும் ஆனது. ஹோலரித் ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்!

1890-ம் ஆண்டுக் கணக்கு அவருக்குக் கிடைத்தது. எந்திரங்களை அவர் விற்கவில்லை. ஆண்டுக்கு ஆயிரம் டாலர் என்று வாடகைக்கு விட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் லூசியா டால்கட் என்ற பெண்ணை மணந்தார்.

எந்திரங்களின் முன் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து அட்டைகளை அமுக்கினார்கள். மணிகள் ஓயாமல் ஒலித்தன. ஓய்வு வேண்டும் என்று நினைத்த சிலர், பாதரசத்தை ரகசியமாக உறிஞ்சி எடுத்து எச்சில் பணிக்கத்தில் விட்டுவிடுவார்களாம். பழுது பார்ப்பவர் வரும் வரை நிம்மதி!

சில வாரங்களில் மொத்த எண்ணிக்கை தெரிந்தது. 6 கோடியே 26 லட்சத்து 22 ஆயிரத்து 250. ஜனங்களுக்கோ ஏமாற்றம். அதைவிட அதிகம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எந்திரம் தப்பு செய்துவிட்டது என்று பத்திரிகைகள் திட்டின. ஹோலரித் கலங்கவில்லை. ஆஸ்திரியா, கனடா, நார்வே, ரஷ்யா ஆகிய நாடுகள் அவர் எந்திரத்தை வரவழைத்தன.

வெறும் கை

புகழ் வந்தது. பணம் நிற்கவில்லை. ஜனத்தொகைக் கணக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறைதானே? வேலை முடிந்ததும் எந்திரங்கள் திரும்பி வந்துவிட்டன. வாடகை நின்றது. வீட்டில் குழந்தைகள் பிறந்துவிட்டனர். ஆண்டு முழுவதும் எண்ண வேண்டிய வேலை எங்கே இருக்கிறது என்று ஹோலரித் தேடினார். ரெயில்வேயில் இருந்தது.

நியூயார்க் சென்ட்ரல் ரெயில்வேயில் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் சரக்குச் சீட்டுகள் சேர்ந்தன. எந்தச் சரக்கு, எங்கிருந்து எங்கே போனது, எடை என்ன, கூலி என்ன என்பது ஒவ்வொன்றிலும் இருக்கும். எந்த ஊரில் வியாபாரம் அதிகம், எங்கே வேகன் காலியாகப் போகிறது என்பது அந்தச் சீட்டுகளில்தான் அடங்கி இருந்தது. ஆனால் குமாஸ்தாக்கள் கூட்டி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நேற்றைய பசிக்கு நாளைக்குச் சோறு கிடைத்தது போல!

ஹோலரித் எந்திரத்தைக் கொண்டுபோய் வைத்தார். சில மாதங்கள் கழித்து, வேண்டாம் என்று ரெயில்வேக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் இருந்தது. ஜனத்தொகையில் ஒரு மனிதருக்கு ஒன்று என்று எண்ணினால் போதும். சரக்கில் அப்படி இல்லை. ஒரு சீட்டில் 5 டன், இன்னொரு சீட்டில் 12 டன். எண்ணினால் போதாது, கூட்ட வேண்டும்.

கிட்டத்தட்ட ஓட்டாண்டி ஆகும் நிலை. வேறு ஒருவர் என்றால் மாதச் சம்பளத்துக்குப் போயிருப்பார். ஹோலரித் பட்டறைக்குத் திரும்பினார். அட்டையில் உள்ள எண்களைப் படித்து, தானே கூட்டும் எந்திரத்தை உருவாக்கினார். மீண்டும் அதே ரெயில்வேயிடம் போனார். ஓர் ஆண்டு இலவசமாகச் செய்து காட்டுகிறேன், பிடித்தால் வாடகை கொடுங்கள் என்று வாக்குக் கொடுத்தார். தோற்றால் குடும்பம் தெருவுக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த முறை எந்திரம் ஜெயித்தது. மாதக் கணக்கில் கிடைத்த விவரம் வாரக் கணக்கில் கிடைத்தது. 1896-ம் ஆண்டு ரெயில்வே ஒப்பந்தம் போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ஹோலரித் தம் சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்.

தொழிற்சாலைக்குள் அட்டை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்டை தொழிற்சாலைக்குள் நுழைந்தது. பென்சில்வேனியா உருக்குக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. சிகாகோவில் மார்ஷல் பீல்டு என்ற பெரிய பல்பொருள் கடையும் ஏற்றுக்கொண்டது. உருக்குக் கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்த கெர்ஷம் ஸ்மித், அட்டையின் பலனைக் கண்கூடாகப் பார்த்தவர். பிறகு ஹோலரித்தின் கம்பெனிக்கே நிர்வாகியாக வந்தார்.

தொழிற்சாலைக்கு அட்டையால் என்ன லாபம்? ஓர் உதாரணம் பார்ப்போம். பண்டகசாலையில் இருந்து இரும்புத் தகடு எடுத்தால் ஓர் அட்டை. அதில் தேதி, தகட்டின் எண், எத்தனை தகடு, எந்த வேலைக்கு, விலை என்ன என்று துளைகள் இருக்கும். மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கான அட்டைகள் சேரும். வேலையின் எண்படி பிரித்துக் கூட்டினால், ஒவ்வொரு வேலைக்கும் ஆன செலவு தெரியும். அதே அட்டைகளைப் பொருளின் எண்படி பிரித்துக் கூட்டினால், தகடு எவ்வளவு தீர்ந்தது, இருப்பு எவ்வளவு என்று தெரியும். பட்டறைவாரியாகப் பிரித்தால், யார் வீணாக்குகிறார்கள் என்று தெரியும். ஒரு முறை துளைத்த அட்டை, கேட்கும் கேள்விக்கு எல்லாம் பதில் சொன்னது.

இருப்பு தெரியாத தொழிற்சாலைக்கு இரண்டு ஆபத்து. பொருள் குறைந்தால் வேலை நிற்கும். பொருள் கூடினால் முதலாளியின் பணம் கிடங்கில் தூங்கும். வீட்டில் அரிசிப் பானையைப் பார்க்காமல் சந்தைக்குப் போவது போலத்தான்.

பிடிவாதத்தின் விலை

ஹோலரித்தின் உறுதி அவரை வாழவைத்தது. அதுவே ஒரு நாள் அவருக்கு எதிராகவும் திரும்பியது.

1900-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கும் அவர் எந்திரத்தில்தான் நடந்தது. பிறகு நார்த் என்பவர் இலாகாத் தலைவராக வந்தார். வாடகை அதிகம், குறைக்க வேண்டும் என்றார். ஹோலரித் அசைந்து கொடுக்கவில்லை. 1905-ம் ஆண்டு எந்திரங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இலாகா சும்மா இருக்கவில்லை. ரஷ்யாவில் இருந்து வந்து குடியேறிய ஜேம்ஸ் பவர்ஸ் என்பவரை வைத்து வேறு எந்திரம் செய்தது. 1910-ம் ஆண்டுக் கணக்குக்கு அது வந்துவிட்டது. ஹோலரித் வழக்குப் போட்டார். தோற்றார். பவர்ஸ் பிறகு சொந்தக் கம்பெனி தொடங்கினார். கூட்டுத் தொகையைத் தாளில் அச்சிட்டே கொடுக்கும் எந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஹோலரித்தின் எந்திரத்தில் முள்ளையும் எண்ணையும் கண்ணால் பார்த்து, கையால்தான் எழுத வேண்டி இருந்தது.

அவர் பட்டறை வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பகுதியில் கால்வாய் ஓரம் இருந்தது. ஆர்டர்கள் குவிந்தன. உடலோ தளர்ந்தது. இருதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். 1911-ம் ஆண்டு கம்பெனியை விற்க அவர் சம்மதித்தார். சார்லஸ் பிளிண்ட் என்ற வியாபாரி அதை வேறு கம்பெனிகளுடன் இணைத்தார். ஹோலரித்தின் பங்குக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. தொப்பி விற்ற தாயின் மகன் கோடீஸ்வரர் ஆனார்!

1914-ம் ஆண்டு தாமஸ் வாட்சன் என்பவர் புதிய கம்பெனியின் பொறுப்பை ஏற்றார். 1924-ம் ஆண்டு அதன் பெயர் மாறியது. அதுதான் உலகம் அறிந்த ஐ.பி.எம். கம்பெனி.

ஹோலரித் 1921-ம் ஆண்டு வரை ஆலோசகராக இருந்தார். பிறகு மேரிலாந்தில் பண்ணை நடத்தினார். உயர்ந்த ஜாதிப் பசுக்களை வளர்த்தார். 1929-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி வாஷிங்டனில் மாரடைப்பால் காலமானார். வயது 69.

அவருக்குப் பின்

அவர் இறந்த பிறகும் அட்டை பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. சம்பளம், இருப்பு, விற்பனை எல்லாம் அட்டையில் ஓடின. ஆனால் அட்டைக்கும் ஒரு குறை இருந்தது. நடந்து முடிந்ததைத்தான் அது நன்றாகச் சொன்னது. அட்டைகளை மொத்தமாகச் சேர்த்து வரிசைப்படுத்தினால்தான் பதில் வரும். 1956-ம் ஆண்டு ஐ.பி.எம். சுழலும் தட்டுகளில் விவரத்தைச் சேமிக்கும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. வேண்டிய ஒரு பொருளின் இருப்பை மட்டும் உடனே எடுத்துப் பார்க்க முடிந்தது.

1960-களில் ஜோசப் ஆர்லிக்கி என்ற நிபுணர் அடுத்த படியில் ஏறினார். செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். டிராக்டர் செய்யும் ஜே.ஐ. கேஸ் கம்பெனியிலும், பிறகு ஐ.பி.எம்.மிலும் வேலை பார்த்தவர். இனி என்ன தேவைப்படும் என்பதைக் கம்ப்யூட்டரே கணக்கிட்டுச் சொல்லும் முறையை அவர் வளர்த்தார்.

அதன் சூட்சுமம் எளிது. 100 சைக்கிள் செய்ய வேண்டும் என்றால் 200 சக்கரம் வேண்டும். கிடங்கில் 50 இருந்தால், செய்ய வேண்டியது 150. ஒரு சக்கரத்துக்கு 36 கம்பி என்றால் 5,400 கம்பி வேண்டும். சக்கரம் செய்ய இரண்டு வாரம் ஆகும் என்றால், கம்பி அதற்கு முன்பே வந்து சேர வேண்டும். ஆயிரக்கணக்கான பாகங்களுக்கு இப்படிக் கணக்குப் போட மனிதரால் ஆகாது; கம்ப்யூட்டரால் ஆகும். 1975-ம் ஆண்டு ஆர்லிக்கி இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். இன்று கார் தொழிற்சாலை முதல் மருந்துத் தொழிற்சாலை வரை, எதை எப்போது வாங்குவது, எதை எப்போது செய்வது என்று முடிவு செய்ய இந்த வழி உதவுகிறது.

1974-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தின் டிராய் நகரில், ஒரு கடையில் சூயிங்கம் பொட்டலத்தின் மேல் இருந்த கருப்புக் கோடுகளை எந்திரம் படித்தது. இன்று மளிகைக் கடையில் சோப்புக் கட்டியைக் காட்டினால் விலை வந்துவிடுகிறதே, அதன் தொடக்கம் அதுதான். அங்கே துளைக்குப் பதில் கோடு; ஊசிக்குப் பதில் ஒளி. பொருளின் மேலேயே அதன் எண்ணை எந்திரம் படிக்கும்படி எழுதிவிட்டார்கள்.

துளை அட்டைகள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரு விவரத்தை ஒரு முறை சரியாகப் பதிந்து வைத்தால், அதில் இருந்து நூறு கேள்விக்குப் பதில் பெறலாம் என்று ஹோலரித் காட்டிய வழியில்தான் இன்றைய கம்ப்யூட்டர்களும் நடக்கின்றன. எழுத்துப் பாடத்துக்குப் பயந்த அந்தப் பையன், எந்திரங்கள் படிக்கக்கூடிய எழுத்தை உலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.